குழந்தைகளின் உணவு ஒவ்வாமை: மரபணுவின் பங்கு எவ்வளவு, முதல் ஆண்டின் பங்கு எவ்வளவு?

புதுதில்லி: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்ததும் பெரும்பாலான வீடுகளில் எழும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. முட்டையை எப்போது தொடங்கலாம்? வேர்க்கடலை கொடுத்தால் ஆபத்தா? தந்தைக்கு ஆஸ்துமா இருப்பதால் குழந்தைக்கு எந்தெந்த உணவுகளைத் தள்ளிவைக்க வேண்டும்? இக்கேள்விகளுக்கு மருத்துவ உலகம் நீண்ட காலம் அளித்துவந்த பதில் "தாமதப்படுத்துங்கள்" என்பதே. கடந்த பத்தாண்டுகளில் அந்தப் பதில் ஏறத்தாழத் தலைகீழாக மாறியுள்ளது.

உணவு ஒவ்வாமை பரம்பரையாக மட்டுமே வருவதில்லை என்பதை இரட்டையர் ஆய்வுகள், மரபணு ஆய்வுகள், பல நாடுகளில் நடைபெற்ற மருத்துவப் பரிசோதனைகள் ஆகியவை தெளிவுபடுத்தியுள்ளன. மரபணு ஒரு முன்சாய்வை அளிக்கிறது. அந்த முன்சாய்வு நோயாக மாறுகிறதா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை பிறந்த முதல் ஆண்டில் குழந்தையின் தோலின் நிலை, குடலில் குடியேறும் நுண்ணுயிரிகள், தட்டில் வைக்கப்படும் உணவு ஆகியவையே. மரபணுவை மாற்ற இயலாது. ஆனால், முதல் ஆண்டின் சில சூழல்களைப் பெற்றோரால் மாற்ற இயலும் என்பதே இந்த ஆய்வுகளின் முக்கியத்துவம்.

உணவு ஒவ்வாமை என்பது என்ன?

உணவு உண்டபின் ஏற்படும் எல்லாத் தொல்லைகளும் ஒவ்வாமை ஆகிவிடாது. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க இயலாததால் வரும் வயிற்று உப்புசமும், கெட்டுப்போன உணவால் வரும் வாந்தியும் வேறு. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம், தீங்கற்ற ஓர் உணவுப் புரதத்தை எதிரியாகத் தவறாக அடையாளம் கண்டு தாக்குவதே உணவு ஒவ்வாமை.

உடனடி வகை ஒவ்வாமையில் ஐஜிஇ எனப்படும் எதிர்ப்பொருள் முதன்மைப் பங்கு வகிக்கிறது. அந்தக் குறிப்பிட்ட புரதத்துக்கு எதிராக உருவான ஐஜிஇ, மாஸ்ட் செல்கள் எனப்படும் அணுக்களின் மேற்பரப்பில் அமர்ந்து காத்திருக்கிறது. அதே உணவு மீண்டும் உடலுக்குள் நுழையும்போது அந்த அணுக்கள் ஹிஸ்டமின் உள்ளிட்ட வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடு மற்றும் கண் இமை வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவை தோன்றலாம். சுவாசமும் ரத்த ஓட்டமும் பாதிக்கப்படும் தீவிர நிலையே அனாபிலாக்ஸிஸ். உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கப்படாவிட்டால் அது உயிருக்கு ஆபத்தானது.

பால், முட்டை ஆகியவற்றுக்கான ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடுகிறது. வேர்க்கடலை ஒவ்வாமையோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே நீங்குகிறது. ஏனையோருக்கு வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது.

இந்தியாவின் நிலை

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஒரு வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட 'ஹெல்த்நட்ஸ்' ஆய்வில், பத்தில் ஒரு குழந்தைக்கு மேல் உணவு ஒவ்வாமை இருப்பது மருத்துவமனைக் கண்காணிப்பில் உணவை உண்ணச் செய்தே உறுதி செய்யப்பட்டது. உலக அளவில் பதிவான மிக உயர்ந்த விகிதங்களில் இதுவும் ஒன்று.

இந்தியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. 'யூரோபிரிவால்' என்ற பன்னாட்டு ஆய்வுத் திட்டத்தின் ஒரு பகுதியாக ஹாங்காங், சீனப் பெருநிலம், ரஷ்யா, இந்தியா ஆகியவற்றில் 6 முதல் 11 வயது வரையிலான 35,000-க்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகள் ஆராயப்பட்டனர். இந்தியாவில் இந்த ஆய்வு பெங்களூரு, மைசூரு பகுதிகளில் நடைபெற்றது. 2020-இல் வெளியான முடிவுகளின்படி, ஒவ்வாமை இருக்க வாய்ப்புள்ள குழந்தைகளின் விகிதம் ஹாங்காங்கில் 1.5 சதவீதமாகவும் இந்தியாவில் 0.14 சதவீதமாகவும் இருந்தது. ஆய்வு நடைபெற்ற இடங்களிலேயே மிகக் குறைந்த விகிதம் இந்தியாவில்தான் பதிவானது.

இதில் ஒரு முரண் உள்ளது. ரத்தப் பரிசோதனையில் உணவுகளுக்கு எதிரான ஐஜிஇ காணப்பட்ட இந்தியக் குழந்தைகள் குறைவாக இல்லை. கர்நாடகத்தில் வயது வந்தோரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான மற்றொரு யூரோபிரிவால் ஆய்விலும் இதே நிலை தென்பட்டது. ஆராயப்பட்டவர்களில் 26.5 சதவீதத்தினரின் ரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது, ஆனால், 1.2 சதவீதத்தினருக்கு மட்டுமே ஒவ்வாமை இருக்க வாய்ப்பு இருப்பதாக மதிப்பிடப்பட்டது. உடல் ஓர் உணவை அடையாளம் கண்டு வைத்திருப்பதும், அந்த உணவால் உண்மையில் பாதிக்கப்படுவதும் வெவ்வேறு என்பதையே இந்த இடைவெளி காட்டுகிறது.

மரபணு சொல்வது என்ன?

ஒவ்வாமையில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதற்கான வலுவான சான்று இரட்டையர்களிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவில் 58 இரட்டையர் இணைகளிடம் நடத்தப்பட்டு 2000-இல் வெளியான ஆய்வில், ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் விகிதம் ஏறத்தாழ 64 சதவீதமாக இருந்தது. இரு கருமுட்டைகளிலிருந்து பிறந்த இரட்டையரில் இது ஏறத்தாழ 7 சதவீதம் மட்டுமே. ஒரே வீட்டில், ஒரே உணவில் வளர்ந்தவர்களிடையே காணப்படும் இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு மரபணுவே முதன்மைக் காரணமாக இருக்க முடியும். அதே வேளையில், முற்றிலும் ஒத்த மரபணுக்களைக் கொண்டவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இணைகளில் ஒருவருக்கு மட்டுமே ஒவ்வாமை இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

எந்த மரபணுக்கள் என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைத்துள்ளது. அவற்றில் முதன்மையானது ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு. தோலின் மேலடுக்கு உறுதியாக இருக்கவும் ஈரப்பதத்தைத் தக்கவைக்கவும் இப்புரதம் உதவுகிறது. இந்த மரபணுவில் ஏற்படும் குறைபாடு எக்ஸிமாவுக்கு வலுவான காரணி என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளிப்படுத்தினர். அதே குறைபாடு வேர்க்கடலை ஒவ்வாமைக்கான வாய்ப்பையும் அதிகரிக்கிறது என்பது 2011-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. உணவு ஒவ்வாமையோடு தொடர்புடைய முக்கிய மரபணு ஒன்று குடலைவிட முதன்மையாகத் தோலோடு தொடர்புடையதாக இருந்தது, பின்னர் நடைபெற்ற பல ஆய்வுகளின் திசையை மாற்றியது.

அடுத்தது எச்எல்ஏ எனப்படும் மரபணுத் தொகுதி. வெளியிலிருந்து வரும் புரதங்களை நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் காட்டுவது இதன் பணி. இத்தொகுதியில் காணப்படும் சில மாறுபாடுகளுக்கும் வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பை 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பெர்லினைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ 1,500 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வு, உணவு ஒவ்வாமையோடு தொடர்புடைய ஐந்து மரபணு இடங்களை அடையாளம் கண்டது. அவற்றில் ஃபிலாக்ரின், செர்பின்பி ஆகியவை தோல், உணவுக்குழாய் போன்றவற்றின் மேற்பரப்புத் தடுப்பைப் பேணுபவை.

இருப்பினும், குடும்ப வரலாற்றை மட்டும் கொண்டு ஒவ்வாமையை முன்கூட்டியே கணித்துவிட இயலாது. மெல்போர்ன் ஆய்வில், நெருங்கிய குடும்பத்தில் ஒருவருக்கு ஒவ்வாமை நோய் இருந்தால் குழந்தையின் ஆபத்து ஏறத்தாழ 1.4 மடங்காகவும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு இருந்தால் 1.8 மடங்காகவும் உயர்ந்தது. இது புறக்கணிக்கத்தக்கதல்ல, ஆனால், கீழே காணவிருக்கும் தோல் பாதிப்பால் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் சிறியதே.

தோல் வழியே நுழையும் உணவு

இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2003-இல் வெளியாகின. தோல் வெடிப்புகளுக்கு வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்பு தடவப்பட்ட குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை கூடுதலாக இருந்தது அதில் தெரியவந்தது. இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான பேராசிரியர் கிடியன் லாக் பின்னர் முன்வைத்த கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது: வெடித்த தோல் வழியாக ஓர் உணவுப் புரதம் முதலில் நுழைந்தால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாகப் பதிவு செய்கிறது, வாய் வழியாக முதலில் நுழைந்தால் அதைச் சகித்துக்கொள்ளப் பழகுகிறது.

கரப்பான் என்று வழக்கில் அழைக்கப்படும் எக்ஸிமா, குழந்தைப் பருவ உணவு ஒவ்வாமைக்கான மிக வலுவான ஆபத்துக் காரணியாகக் கருதப்படுவது இதனால்தான். மெல்போர்ன் ஆய்வில் எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை ஏற்படும் வாய்ப்பு 11 மடங்கும், முட்டை ஒவ்வாமை ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்கும் கூடுதலாக இருந்தது. பிறந்த மூன்று மாதங்களுக்குள் எக்ஸிமா தொடங்கி, மருத்துவர் பரிந்துரைத்த ஸ்டீராய்டு களிம்பு தேவைப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு வயதில் உணவு ஒவ்வாமை உறுதி செய்யப்பட்டது. எக்ஸிமா எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, எவ்வளவு தீவிரமாக உள்ளதோ, அவ்வளவுக்கு ஆபத்தும் அதிகம்.

அப்படியானால் பிறந்தது முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஈரப்பதக் களிம்பு தடவினால் ஒவ்வாமையைத் தடுத்துவிடலாமா என்ற கேள்வியும் ஆராயப்பட்டது. பிரிட்டனில் 1,394 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான பரிசோதனையில், முதல் ஆண்டு முழுவதும் நாள்தோறும் களிம்பு தடவியும் எக்ஸிமா குறையவில்லை. எக்ஸிமா வந்தபின் அதற்கு முறையான சிகிச்சை அளிப்பது அவசியம். ஆனால், களிம்பு மட்டுமே தடுப்பு மருந்தாகிவிடாது என்பதே இதன் பொருள்.

குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்ப்பதும், கடலை மாவு பூசிக் குளிப்பாட்டுவதும் இந்தியாவின் பல பகுதிகளில் வழக்கமாக உள்ள நிலையில் இந்தக் கருத்து தனிக் கவனம் பெறுகிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், சேதமடைந்த எலித் தோலில் சூரியகாந்தி எண்ணெய் தடுப்பு அடுக்கு விரைவாக மீள உதவியது. கடுகு எண்ணெய் அந்த மீட்சியைத் தாமதப்படுத்தியது. எண்ணெய்க் குளியலால் உணவு ஒவ்வாமை வரும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆயினும், எக்ஸிமா உள்ள குழந்தையின் தோலில் உணவுப் பொருள்கள் கலந்த பூச்சுகளைத் தவிர்ப்பது நல்லது என்று ஆஸ்திரேலிய ஒவ்வாமை மருத்துவர்கள் அமைப்பு அறிவுறுத்துகிறது. கொண்டைக்கடலை, இந்தியத் துணைக்கண்டத்தில் முக்கிய ஒவ்வாமை உணவுகளில் ஒன்று என்பதை மும்பை மருத்துவர்கள் 2001-இலேயே பதிவு செய்துள்ளனர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

தாமதம் கற்றுத்தந்த பாடம்

ஒவ்வாமை ஆபத்து உள்ள குழந்தைகளுக்கு இரண்டு வயது வரை முட்டையும், மூன்று வயது வரை வேர்க்கடலையும் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2000-இல் அறிவுறுத்தியது. பெற்றோர் அதைப் பின்பற்றினர். ஆனால், ஒவ்வாமை குறையவில்லை. தாமதத்தால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் அந்த அமைப்பே அறிவுரையைக் கைவிட்டது.

அதே 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வு புதிய கேள்வியை எழுப்பியது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளில் 1.85 சதவீதத்தினருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது; இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளிடம் இது 0.17 சதவீதம் மட்டுமே. மரபணுப் பின்னணி ஒத்திருந்தும் பத்து மடங்கு வேறுபாடு ஏன்? இஸ்ரேலியக் குழந்தைகள் முதல் ஆண்டிலேயே வேர்க்கடலை கலந்த தின்பண்டங்களை உண்டனர்; பிரிட்டன் குழந்தைகளில் பெரும்பாலோர் அவற்றை உண்ணவில்லை.

இந்த அனுமானத்தைச் சோதிக்க லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 'லீப்' என்ற பரிசோதனையை மேற்கொண்டனர். தீவிர எக்ஸிமா அல்லது முட்டை ஒவ்வாமை அல்லது இரண்டும் இருந்த, 4 முதல் 11 மாத வயதுடைய 640 குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வேர்க்கடலையைத் தொடர்ந்து உண்டனர். மற்றவர்கள் ஐந்து வயது வரை முற்றிலும் தவிர்த்தனர். 2015-இல் வெளியான முடிவுகளின்படி, உண்ட பிரிவில் ஒவ்வாமை 81 சதவீதம் குறைந்திருந்தது. அதே குழந்தைகள் பதின்ம வயதை எட்டியபோது நடைபெற்ற தொடர் ஆய்வு 2024-இல் வெளியானது. இடைப்பட்ட ஆண்டுகளில் விருப்பப்படி உண்டபோதும், முதலில் வேர்க்கடலை உண்ட பிரிவில் ஒவ்வாமை 71 சதவீதம் குறைவாகவே நீடித்தது.

முட்டையிலும் இதே விளைவு தென்பட்டது. ஜப்பானில் எக்ஸிமா உள்ள 147 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான பரிசோதனையில், எக்ஸிமாவைச் சிகிச்சையால் கட்டுக்குள் வைத்தபடி ஆறாவது மாதம் முதல் வேகவைத்த முட்டைத் தூள் சிறிதளவு கொடுக்கப்பட்டது. ஒரு வயதில் இப்பிரிவில் 8 சதவீதத்தினருக்கும், முட்டையைத் தவிர்த்த பிரிவில் 38 சதவீதத்தினருக்கும் முட்டை ஒவ்வாமை இருந்தது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் பலன் தெரியத் தொடங்கியுள்ளது. அமெரிக்காவில் வழிகாட்டுதல்கள் மாற்றப்பட்டபின் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்துள்ளதாகப் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2025 அக்டோபரில் தெரிவித்தனர்.

பிறப்பு, மருந்து, நுண்ணுயிர்

முதல் ஆண்டின் வேறு சில சூழல்களும் ஆராயப்பட்டுவருகின்றன. இவற்றில் சான்றுகளின் வலிமை ஒரே மாதிரியாக இல்லை.

அமெரிக்க ராணுவக் குடும்பங்களைச் சேர்ந்த 7,92,130 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், முதல் ஆறு மாதங்களில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து அளிக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பின்னாளில் உணவு ஒவ்வாமை ஏற்படும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. ஆன்டிபயாடிக் அளிக்கப்பட்டவர்களிடம் இந்த உயர்வு 14 சதவீதமாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, மருந்தே காரணம் என்பதை மெய்ப்பிக்கவில்லை. ஆயினும், குழந்தை பால் கக்குவதற்கெல்லாம் அமிலக் குறைப்பு மருந்தும், சாதாரணச் சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை என்ற பொது அறிவுரைக்கு இது கூடுதல் வலு சேர்க்கிறது. தொற்று உறுதியான இடத்தில் ஆன்டிபயாடிக்கைத் தவிர்ப்பது ஆபத்து.

அறுவை சிகிச்சைப் பிரசவத்தில் குழந்தையின் குடல் நுண்ணுயிரிகள் தொடக்கத்தில் மாறுபடுகின்றன என்பது உறுதி. இந்தியாவில் இவ்வகைப் பிரசவங்கள் 17.2 சதவீதத்திலிருந்து 21.5 சதவீதமாக உயர்ந்துள்ளதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. ஆனால், உறுதி செய்யப்பட்ட உணவு ஒவ்வாமையோடு இதற்கு நேரடித் தொடர்பு இருப்பதாக மெல்போர்ன் ஆய்வில் தென்படவில்லை. எனவே, அறுவை சிகிச்சை மூலம் பிரசவித்த தாய்மார்கள் இதுகுறித்துக் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. அதே ஆய்வில், மூத்த உடன்பிறப்புகள் உள்ள வீடுகளிலும், நாய் வளர்க்கப்படும் வீடுகளிலும் முட்டை ஒவ்வாமை குறைவாக இருந்தது.

பிறந்த முதல் சில நாள்களில் கொடுக்கப்படும் பால் மாவும் கவனம் பெற்றுள்ளது. டோக்கியோவின் ஜிகெய் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஏறத்தாழ 300 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான பரிசோதனையில், முதல் மூன்று நாள்களுக்காவது பசும்பால் சார்ந்த பால் மாவு தவிர்க்கப்பட்ட குழந்தைகளிடம் பால் ஒவ்வாமைக்கான அறிகுறிகள் கணிசமாகக் குறைந்திருந்தன. தாய்ப்பால் சுரக்கும் முன்பே மருத்துவக் காரணமின்றிப் பால் மாவு கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட இது மேலும் ஒரு காரணம்.

கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் முட்டை, பால், வேர்க்கடலை ஆகியவற்றைத் தவிர்ப்பதால் குழந்தைக்கு ஒவ்வாமை தடுக்கப்படுவதாகச் சான்று இல்லை. அத்தகைய பத்தியம் தாயின் ஊட்டச்சத்தைத்தான் குறைக்கும்.

ஒரே தலைமுறையில் மாறும் ஆபத்து

மரபணு மாறாமலே சூழல் மட்டும் மாறினால் என்ன நிகழும் என்பதை இடம்பெயர்ந்த குடும்பங்கள் காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளியில் சேரும் வயதுடைய குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஆசியாவில் பிறந்து பின்னர் அங்குச் சென்றவர்களைவிட, ஆசியப் பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த குழந்தைகளிடம் கொட்டைப் பருப்பு ஒவ்வாமை அதிகமாக இருந்தது. யூரோபிரிவால் ஆய்விலும், சீனப் பெருநிலத்தில் பிறந்து வளர்ந்து ஹாங்காங்குக்கு வந்த குழந்தைகளைவிட ஹாங்காங்கிலேயே பிறந்தவர்களிடம் ஒவ்வாமை கூடுதலாக இருந்தது.

இந்தியாவுக்கு இதில் ஓர் எச்சரிக்கை உள்ளது. இங்குக் காணப்படும் குறைந்த விகிதம் இந்திய மரபணுக்கள் அளித்த நிரந்தரப் பாதுகாப்பு என்று கருத இயலாது. வீட்டில் எல்லோரும் உண்ணும் உணவையே குழந்தைக்கும் மசித்துக் கொடுக்கும் வழக்கம், வேர்க்கடலையை வறுப்பதோடு அவித்தும் உண்பது, பல வயதுக் குழந்தைகள் கூடி வாழும் வீடு, மண்ணோடும் கால்நடையோடும் உள்ள தொடர்பு ஆகியவை மாறும்போது ஒவ்வாமையின் விகிதமும் மாறக்கூடும். அதிக வெப்பத்தில் உலர வறுக்கப்படும் வேர்க்கடலையின் புரதம், அவித்த வேர்க்கடலையின் புரதத்தைவிட ஐஜிஇயோடு வலுவாகப் பிணைகிறது என்பது 2001-லேயே ஆய்வில் தெரியவந்தது.

பரிசோதனைச் சீட்டை மட்டும் நம்பலாமா?

நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஒரே ரத்த மாதிரியில் ஒவ்வாமையைக் கண்டறிந்து தருவதாகக் கூறும் பரிசோதனைத் தொகுப்புகள் நகரங்களில் பரவலாகக் கிடைக்கின்றன. கர்நாடக ஆய்வு காட்டியபடி, நான்கில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் உணவுக்கான ஐஜிஇ இருக்கும் சூழலில், அறிகுறியே இல்லாத குழந்தைக்கு இத்தகைய பரிசோதனை செய்தால் பொருளற்ற 'பாசிட்டிவ்' முடிவுகள் வரிசையாக வரக்கூடும். ஐஜிஜி எனப்படும் மற்றொரு எதிர்ப்பொருளை அளவிடும் பரிசோதனைகள் ஒவ்வாமையைக் கண்டறிய உதவாதவை. அந்த உணவை உண்டதற்கான அடையாளமாகவே ஐஜிஜி பெரும்பாலும் காணப்படுகிறது.

உண்டபின் என்ன நிகழ்ந்தது என்ற விவரமே நோயறிதலின் தொடக்கம். தோல் குத்துப் பரிசோதனையும் ஐஜிஇ அளவும் அதற்குத் துணை. ஐயம் தீராதபோது, மருத்துவமனையில் கண்காணிப்பின் கீழ் அந்த உணவைச் சிறிது சிறிதாக உண்ணச் செய்து பார்ப்பதே உறுதியான முறை.

தேவையற்ற விலக்கலுக்கு விலை உண்டு. இந்தியாவில் 6 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளில் போதிய உணவு பெறுவோர் 11.3 சதவீதம் மட்டுமே என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. அந்தத் தட்டிலிருந்து பாலையும் முட்டையையும் பருப்பையும் காரணமின்றி நீக்கினால் இழப்பு பெரிது. மேலும், எக்ஸிமா உள்ள குழந்தை அதுவரை தொல்லையின்றி உண்டுவந்த உணவைப் பரிசோதனை முடிவுக்காக நிறுத்தினால், மீண்டும் உண்ணும்போது புதிதாக உடனடி ஒவ்வாமை தோன்றக்கூடும். அமெரிக்காவில் இவ்வாறு உணவை விலக்கிய எக்ஸிமா நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது நிகழ்ந்ததாக 2016-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே, அதன்பின் தாய்ப்பாலோடு இணை உணவு என்பதே இந்தியாவின் பொதுச் சுகாதாரப் பரிந்துரை. இணை உணவு தொடங்கியபின், குடும்பத்தின் வழக்கமான உணவில் இடம்பெறும் முட்டை, வேர்க்கடலை, கோதுமை, பருப்பு, தயிர், மீன் ஆகியவற்றை முதல் ஆண்டுக்குள் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். புதிய உணவை, குழந்தை நலமாக உள்ள நாளில், பகல் நேரத்தில், சிறிதளவில் தொடங்குவது நல்லது.

முட்டை நன்கு வேகவைக்கப்பட்டிருக்க வேண்டும். வேர்க்கடலையை மிருதுவாக அரைத்தோ நன்கு பொடித்தோ கஞ்சியில் கலந்து கொடுக்க வேண்டும். மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உள்ளதால் முழு வேர்க்கடலையை ஐந்து வயது வரை கொடுக்கக் கூடாது. ஒருமுறை கொடுத்துவிட்டு நிறுத்தாமல், ஒத்துக்கொண்ட உணவை வாரத்தில் பலமுறை தொடர்வது முக்கியம். லீப் பரிசோதனையில் குழந்தைகள் வாரத்துக்கு மூன்று முறையாவது வேர்க்கடலை உண்டனர்.

தீவிர எக்ஸிமா உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே ஓர் உணவால் பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் வேர்க்கடலை அல்லது முட்டையைத் தொடங்குமுன் மருத்துவரை அணுக வேண்டும். அந்த ஆலோசனையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்தே. ஏனெனில், இக்குழந்தைகளுக்குத்தான் தாமதத்தால் இழப்பு அதிகம்.

உணவு உண்ட சிறிது நேரத்தில் மூச்சுத்திணறல், குரல் மாற்றம், தொடர் வாந்தி, உடல் துவளுதல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அனாபிலாக்ஸிஸுக்கான முதல் மருந்து, தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே. ஒவ்வாமைக்கான மாத்திரையோ சிரப்போ அதற்கு மாற்றாகாது. பெற்றோரே பயன்படுத்தக்கூடிய தானியங்கி அட்ரினலின் ஊசி இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், ஒவ்வாமை உறுதியான குழந்தையின் குடும்பம் அவசரக் காலத்தில் செய்ய வேண்டியதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதிப் பெற்று, பள்ளிக்கும் அதன் நகலை அளிப்பது பாதுகாப்பானது.

பொட்டல உணவுகளில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா, பசையம் கொண்ட தானியங்கள், இறால் வகைகள் ஆகியவை இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் கட்டாயப்படுத்துகின்றன. கொண்டைக்கடலை இந்தப் பட்டியலில் இல்லை. எனவே, அதற்கு ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோர் பொட்டலத்தில் அச்சிடப்பட்டுள்ள மூலப்பொருள் பட்டியலை முழுமையாகப் படிப்பது அவசியம்.